புது டி.வி. எப்போது வாங்கலாம்?

கொச்சியில் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் தோப்பும்படி இருக்கிறது. அங்கே ஒரு பெரிய மீன்பிடித் துறைமுகம் உண்டு. குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த மீனவர்கள் பலர் இங்கிருந்து ஆழ்கடலுக்குப் போகிறார்கள். அவர்களோடு வந்த தமிழ்க் குடும்பங்களும் அங்கே வாழ்கின்றன.

அந்தத் துறைமுகத்தில் ஐஸ் சுமக்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மனைவி, ஒரு மகள், ஒரு மகன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மகன் எட்டாம் வகுப்பு. இப்படிப்பட்ட குடும்பம் எந்த ஊரிலும் இருக்கும்.

ஓணம் நெருங்கியது. அந்த நேரம் பார்த்து அவர்கள் வீட்டு டி.வி. கெட்டுப் போனது. சத்தம் வந்தது. படம் வரவில்லை. திரை இருட்டாக இருந்தது.

மகன் கடைத்தெருவிலிருந்து ஒரு நோட்டீஸ் கொண்டு வந்தான்.

"அப்பா, இதைப் பாருங்க! 55 இன்ச் 4கே டி.வி. முன்பணம் 5,000 ரூபாய்தான். வட்டியே இல்லையாம்!"

அப்பாவின் முகம் மலர்ந்தது.

"என்கூட வேலை செய்யுற எல்லார் வீட்டிலயும் பெரிய டி.வி. இருக்கு. நம்ம வீட்டிலயும் ஒண்ணு இருக்கட்டும். 5,000 ரூபாய் கையில இருக்கு" என்றார்.

அம்மா நோட்டீசை வாங்கிப் பார்த்தாள். மகளிடம் நீட்டினாள்.

"கீழே பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கு. அதையும் படி" என்றாள்.

மகள் படித்தாள். "மாதம் 4,000 ரூபாய். மொத்தம் 10 தவணை. பிராசசிங் கட்டணம் 600 ரூபாய் தனி. முதல் தவணை அக்டோபர்."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். அக்டோபர், நவம்பர், டிசம்பர்... பத்தாவது விரல் ஜூலையில் வந்து நின்றது.

"ஜூன் மாசமும் ஜூலை மாசமும் 4,000 ரூபாய்க்கு எங்கே போறது?" என்று கேட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை.

கேரளத்தில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கும். ஜூலை 31 வரை 52 நாள் நீடிக்கும். மீன் குஞ்சு பொரித்து வளர்வதற்கு இந்தத் தடை தேவை. ஆனால் அந்த நாட்களில் துறைமுகத்தில் வேலை மிகவும் குறைந்துவிடும். ஐஸ் சுமப்பவருக்குக் கூலியும் குறைந்துவிடும். ஜூனில் பள்ளிக்கூடமும் திறக்கும். செலவு வந்து நிற்கும்.

"போன ஜூலையில என் கம்மல் அடகுக்குப் போச்சு. இன்னும் அது திரும்பலை" என்றாள் அம்மா. அவள் காதில் ஈர்க்குச்சிதான் இருந்தது.

அப்பா நோட்டீசை மடித்து வைத்தார். "முதல்ல மெக்கானிக் சேட்டனைக் கூப்பிடுவோம்" என்றார்.

டார்ச் விளக்கு சொன்ன செய்தி

மெக்கானிக் சேட்டன் வயதானவர். கறுப்பு வெள்ளை டி.வி. காலத்திலிருந்து இந்த வேலை செய்பவர். அவர் வந்தார். டி.வி.யைப் போட்டார். வீட்டு விளக்கை அணைக்கச் சொன்னார். ஒரு டார்ச் விளக்கைத் திரைக்கு மிக அருகில் பிடித்தார்.

"மோனே, உத்துப் பாரு. என்ன தெரியுது?"

மகன் பார்த்தான். "படம் ஓடுது! மங்கலா தெரியுது!"

"அவ்வளவுதான். படம் வருது. பின்னால இருந்து வெளிச்சம் கொடுக்கிற பட்டைதான் போயிருக்கு. அண்ணாச்சி, அதை மாத்தினா 1,800 ரூபாய் ஆகும். டி.வி.யைத் தூக்கிப் போட வேண்டாம்."

மகனின் முகம் வாடியது. "அப்ப 4கே டி.வி. வேண்டாமா? அது ரொம்ப நல்லா இருக்குமாமே?"

"வேண்டாம்னு நான் சொல்லலை. அது என்னன்னு தெரிஞ்சுகிட்டு வாங்கு" என்றார் சேட்டன்.

4கே என்றால் என்ன?

டி.வி. படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. கோலத்தில் புள்ளி வைப்பது போல. புள்ளி கூடக் கூடப் படம் தெளிவாகும்.

4கே டி.வி.யில் குறுக்கே 3,840 புள்ளிகள். மேலிருந்து கீழே 2,160 புள்ளிகள். 3,840 என்பது ஏறக்குறைய 4,000. ஆங்கிலத்தில் ஆயிரத்தை 'கே' என்று சுருக்கிச் சொல்வார்கள். அதனால் 4கே என்று பெயர் வந்தது. அல்ட்ரா எச்.டி. என்பதும் இதுதான்.

எந்தப் படத்தில் எத்தனை புள்ளி?

சாதாரணச் சேனல் - சுமார் 4 லட்சம்
ஃபுல் எச்.டி. - சுமார் 21 லட்சம்
4கே - சுமார் 83 லட்சம்
8கே - சுமார் 3 கோடியே 32 லட்சம்

"பாருங்க! 4கேயிலதான் எவ்வளவு புள்ளி!" என்றான் மகன்.

"சரி. உங்க வீட்டு கேபிளில் என்ன வருது?" என்று கேட்டார் சேட்டன். "பெரும்பாலும் சாதாரணச் சேனல். சிலது எச்.டி. 4கே டி.வி.யில 20 புள்ளி இருக்கிற இடத்துக்குக் கேபிளிலிருந்து ஒரு புள்ளிதான் வருது. மீதியை டி.வி. தானே ஊகிச்சு நிரப்பும். அரைக் கிலோ மீனைப் பெரிய தட்டில பரப்பி வச்சா ஒரு கிலோ ஆகுமா?"

அம்மா சிரித்தாள்.

"செல்போன் நெட்டை வச்சு 4கே படம் பார்க்கலாமே?" என்று மகள் கேட்டாள்.

"பார்க்கலாம் மோளே. ஆனா ஒரு மணி நேரப் படத்துக்கு 7 ஜி.பி. வரைக்கும் செலவாகும். உன் போன்ல ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"2 ஜி.பி."

"அப்ப கால் மணி நேரத்தில தீர்ந்துடும். 4கே படம் தடங்காம வரணும்னா வேகமான நெட் லைன் வீட்டுக்கு வரணும். அதுக்கு மாசா மாசம் தனியா பணம் கட்டணும்."

எத்தனை அடி தூரம்?

சேட்டன் அளவு டேப்பை எடுத்தார். டி.வி. இருக்கும் சுவரிலிருந்து குடும்பம் உட்காரும் கட்டில் வரை அளந்தார். 8 அடி இருந்தது.

"அண்ணாச்சி, துறைமுகத்தில வலை காயப் போட்டிருக்கும். பக்கத்தில நின்னா ஒவ்வொரு கண்ணியும் தெரியும். தூரத்தில இருந்து பார்த்தா?"

"ஒரே துணி மாதிரி தெரியும்" என்றார் அப்பா.

"டி.வி. புள்ளியும் அப்படித்தான். கொஞ்ச தூரம் போனதும் புள்ளி தனியா தெரியாது. அதுக்கு அப்புறம் புள்ளியைக் கூட்டினாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது."

நல்ல பார்வை உள்ளவருக்கு ஒரு கணக்கு உண்டு. கீழே உள்ள தூரத்துக்குள் உட்கார்ந்தால்தான் ஃபுல் எச்.டி.க்கும் 4கேக்கும் வித்தியாசம் தெரியும்.

32 இன்ச் டி.வி. - சுமார் 4 அடி
43 இன்ச் டி.வி. - சுமார் ஐந்தரை அடி
55 இன்ச் டி.வி. - சுமார் 7 அடி

அந்த வீட்டில் தூரம் 8 அடி. 55 இன்ச் வாங்கினால் படம் பெரிதாகத் தெரியும். அது உண்மை. ஆனால் 4கேயின் கூடுதல் புள்ளிகள் 8 அடி தூரத்தில் பெரும்பாலும் தெரியப்போவதில்லை. டி.வி. விளம்பரத்தில் தூரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கடையில் இரண்டு அடி தூரத்தில் நின்று பார்க்கிறோம். கடையில் ஓடுவதும் அதற்கென்றே எடுத்த படம். அதனால் அங்கே எல்லாம் பளிச்சென்று இருக்கும்.

முன்னால் வாங்கியவர்கள் கதை

சேட்டன் டி.வி.யைக் கழற்றிக்கொண்டே பழைய கதை சொன்னார்.

இந்தியாவில் கலர் ஒளிபரப்பு 1982இல் வந்தது. அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று நாடு முழுவதும் பார்க்கும் நிகழ்ச்சிகளும் தொடங்கின. நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதைக் கலரில் பார்க்க வேண்டும் என்று வசதி உள்ளவர்கள் கலர் டி.வி. வாங்கினார்கள். விலை மிக அதிகம். ஆனால் கலர் நிலைத்துவிட்டது. வாங்கிய டி.வி. வீண் போகவில்லை. கறுப்பு வெள்ளை டி.வி. வைத்திருந்தவர்களுக்கும் அதே நிகழ்ச்சிகள் தெரிந்தன. நிறம் மட்டும் இல்லை. திருவனந்தபுரம் தூர்தர்ஷனில் மலையாள நிகழ்ச்சிகள் 1985 ஜனவரி 1ஆம் தேதிதான் தொடங்கின. அதற்குப் பிறகு வாங்கியவர்களுக்குச் சொந்த மொழியிலேயே பார்க்க நிகழ்ச்சி இருந்தது.

2010இல் 3டி டி.வி. வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். படம் முன்னால் வருவது போலத் தெரியும். பலர் ஆசையாக வாங்கினார்கள். ஆனால் அதற்கேற்ற படங்கள் டி.வி.யில் அதிகம் வரவில்லை. 2017க்குள் பெரிய கம்பெனிகள் 3டி டி.வி. செய்வதையே நிறுத்திவிட்டன. கண்ணாடிகள் அலமாரியில் தூங்கின.

4கே டி.வி. 2012இல் உலகச் சந்தைக்கு வந்தது. சோனி கம்பெனியின் 84 இன்ச் டி.வி. அமெரிக்காவில் சுமார் 25,000 டாலர். 2013இல் இந்தியாவில் சோனியின் 55 இன்ச் 4கே டி.வி. வந்தது. விலை சுமார் 3 லட்சம் ரூபாய்.

"3 லட்சமா!" என்றார் அப்பா.

"ஆமா. ஆனா அப்ப இந்தியாவில ஒரு 4கே சேனல் கூட இல்லை. 2015 ஜனவரியிலதான் டிஷ் கம்பெனிக்காரங்க 4கே பெட்டி கொண்டு வந்தாங்க. அந்த வருஷ உலகக் கோப்பை கிரிக்கெட்டில சில ஆட்டம் மட்டும் 4கேயில வந்துச்சு."

வேறு சிக்கலும் இருந்தது. பெட்டியிலிருந்து டி.வி.க்குப் படத்தைக் கொண்டு போகும் வயர் இணைப்புக்கு எச்.டி.எம்.ஐ. என்று பெயர். பழைய வகை இணைப்பில் 4கே படம் வினாடிக்கு 30 தடவைதான் மாறும். பந்து வேகமாக ஓடும்போது படம் விட்டு விட்டுத் தெரியும். வினாடிக்கு 60 தடவை மாறும் புதிய இணைப்பை 2013 செப்டம்பரில்தான் அறிவித்தார்கள். அதற்கு முன் வாங்கிய டி.வி.களில் சிலவற்றைக் கம்பெனிகள் பின்னர் சரி செய்து கொடுத்தன. சிலவற்றைச் சரி செய்ய முடியவில்லை. வெளிச்சத்தையும் நிறத்தையும் இன்னும் நன்றாகக் காட்டும் எச்.டி.ஆர். முறையும் 2015க்குப் பிறகே டி.வி.களில் பரவியது. முதலில் வாங்கியவர்கள் அதிக விலை கொடுத்தார்கள். ஆனால் குறைந்த வசதியே பெற்றார்கள்.

இன்று 43 இன்ச் 4கே டி.வி. சுமார் 20,000 முதல் 30,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. வரியும் குறைந்திருக்கிறது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.க்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம் ஆனது. 30,000 ரூபாய் அடக்க விலையில் இது 3,000 ரூபாய் குறைவு. காத்திருந்தவர்களுக்கு இந்த லாபமும் கிடைத்தது.

எது சீக்கிரம்?

"அப்ப 4கே இப்போ பழசாயிடுச்சு. இப்ப வாங்கினா தப்பில்லை, இல்லையா?" என்று மகன் கேட்டான்.

"சரியாச் சொன்னே. இப்போ புதுசு 8கேதான். ஜப்பான்ல 2018 டிசம்பர்லயே 8கே சேனல் வந்துடுச்சு. நமக்கு அது வரலை. யாராவது 8கே டி.வி. வாங்கச் சொன்னா இப்போ வேண்டாம்னு சொல்லிடு. 4கே அப்படி இல்லை. 43 இன்ச்சில ஃபுல் எச்.டி.க்கும் 4கேக்கும் விலையில அதிக வித்தியாசம் இல்லைன்னா 4கேயே வாங்கலாம். பக்கத்தில உட்கார்ந்து பார்க்கிற வீடு, நல்ல நெட் லைன் உள்ள வீடு, மேட்ச் பார்க்க ஆள் கூடுற டீக்கடை, இவங்களுக்கு அது பிரயோசனம்."

சேட்டன் ஸ்குரூவை முடுக்கினார். பிறகு சொன்னார்.

"ஆனா ஒண்ணு. சேனல் வர்றதுக்கு முன்னாடி டி.வி. வந்தா அதுவும் சீக்கிரம். கையில காசு வர்றதுக்கு முன்னாடி டி.வி. வந்தா அதுவும் சீக்கிரம்."

அப்பா நோட்டீசை மறுபடியும் எடுத்தார்.

"வட்டி இல்லைன்னு போட்டிருக்கே சேட்டா?"

"சும்மா கடன் கொடுக்க யாருக்கு மனசு வரும்? ஒண்ணு, கட்டணம்னு தனியா வாங்குவாங்க. இல்லைன்னா, ரொக்கமா வாங்குறவங்களுக்குக் குறைக்கிற விலையை நமக்குக் குறைக்க மாட்டாங்க. 2013 செப்டம்பரில ரிசர்வ் வங்கியே பேங்குகளுக்குச் சொல்லியிருக்கு, வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு. கடையில ரொக்க விலை என்னன்னு கேளுங்க. ரெண்டையும் எழுதி வச்சுப் பாருங்க. வித்தியாசம்தான் வட்டி."

மகள் நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டாள்.

முன்பணம் - 5,000
தவணை 10 × 4,000 - 40,000
பிராசசிங் கட்டணம் - 600
மொத்தம் - 45,600 ரூபாய்

"ஒரு தவணை தவறினால் அபராதமும் வரும்" என்றாள் மகள்.

வீட்டில் எடுத்த முடிவு

டி.வி. சரியானது. திரை வெளிச்சமானது. சேட்டன் 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். 5,000 ரூபாயில் 3,200 மீதி இருந்தது.

அன்று இரவு அப்பாவும் அம்மாவும் பேசினார்கள்.

"மாசம் 4,000 கட்டத் துணிஞ்சோம். 3,000 சேமிக்க முடியாதா?" என்று அம்மா கேட்டாள்.

"அக்டோபர்ல இருந்து மே வரைக்கும் முடியும்" என்றார் அப்பா.

எட்டு மாதம். மாதம் 3,000. மொத்தம் 24,000 ரூபாய். குடும்பஸ்ரீ கூட்டத்தில் அம்மா அதைப் போடுவது என்று முடிவானது.

"முதல் மூணு மாசப் பணத்தில உன் கம்மலைத் திருப்பிடுவோம்" என்றார் அப்பா.

அம்மா அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

"மீதி 15,000 ஜூனுக்கு. இவ நர்சிங் படிக்கணும்னு சொல்றா. விண்ணப்பம், சேர்க்கைன்னு செலவு வரும். தடைக் காலமும் வரும்" என்றாள் கொஞ்சம் கழித்து.

"டி.வி.?" என்று மகன் பாயில் படுத்தபடியே கேட்டான்.

"இப்ப ஓடுற டி.வி. ஓடட்டும். இது நின்னதும் பார்க்கலாம். அப்ப விலை இன்னும் குறைஞ்சிருக்கும்" என்றார் அப்பா.

மகனுக்கு வருத்தம்தான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் கால்பந்து ஆட்டம் வந்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் கோல் போட்டது. அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து வந்தார்கள். எல்லாரும் அந்தப் பழைய டி.வி.யின் முன்னால் உட்கார்ந்தார்கள். படத்தில் எத்தனை புள்ளி என்று ஒருவரும் எண்ணவில்லை.

கடைக்குப் போகும் முன்

1. பழைய டி.வி.யைச் சரி செய்ய முடியுமா என்று பாருங்கள்.
2. உட்காரும் தூரத்தை அளந்து கொள்ளுங்கள்.
3. வீட்டுக்கு வரும் சேனல் எந்த வகை என்று கேபிள்காரரிடம் கேளுங்கள்.
4. ரொக்க விலையையும் தவணை விலையையும் எழுதிப் பாருங்கள்.
5. வேலை இல்லாத மாதத்தில் தவணை வருமா என்று எண்ணிப் பாருங்கள்.
6. மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். நட்சத்திரம் அதிகம் என்றால் மின்சாரச் செலவு குறைவு. பெரிய திரை அதிக மின்சாரம் எடுக்கும்.
7. வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

சொல்லுங்கள்

1. டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது?
2. தவணை வேண்டாம் என்று அம்மா நினைத்தது ஏன்?
3. 3டி டி.வி. வாங்கியவர்களுக்கு என்ன ஆனது?
4. "கையில காசு வர்றதுக்கு முன்னாடி டி.வி. வந்தா அதுவும் சீக்கிரம்." இதன் பொருள் என்ன?

கணக்குப் போடுங்கள்

ஒரு டி.வி.யின் ரொக்க விலை 26,000 ரூபாய். தவணையில் முன்பணம் 3,000. மாதம் 2,500 வீதம் 10 தவணை. கட்டணம் 500. தவணையில் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் டி.வி.க்கும் உட்காரும் இடத்துக்கும் எத்தனை அடி? அளந்து எழுதுங்கள். உங்கள் தொழிலில் வருமானம் குறையும் மாதங்கள் எவை? அவற்றையும் எழுதுங்கள்.